மந்திரி பக்கத்துல ஒரு விஞ்ஞானி: வாசகர் கேள்வி–பதில்

போன இதழ்ல வேற ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதறப்போ, போற போக்குல 'அரசோட அறிவியல் ஆலோசகர்'னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டு விளக்காம தாண்டிப் போயிட்டேன். அவ்வளவுதான், இன்பாக்ஸ் நிரம்பிடுச்சு. "அப்படி ஒரு போஸ்ட் இருக்கா?"ல ஆரம்பிச்சு "வெட்டிச் சம்பளமா?" வரைக்கும் விதவிதமா வந்திருக்கு. அதனால இந்த இதழ் முழுக்க இதே விஷயம்தான். சினிமா கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

கேள்வி: அறிவியல் ஆலோசகர்னா நாட்டுல இருக்கற எல்லா ஆராய்ச்சிக் கூடத்துக்கும் தலைவரா? இல்ல, அறிவியல் துறை மந்திரியோட இன்னொரு பேரா? (ஒரு பள்ளி ஆசிரியர்)

ரெண்டும் இல்லீங்க. அவருக்குக் கீழ ஆராய்ச்சிக் கூடம் எதுவும் இருக்கணும்னு இல்ல, பெரிய பட்ஜெட் கிடையாது, யாருக்கும் ஆர்டர் போடற அதிகாரமும் கிடையாது. சின்னதா ஒரு ஆபீஸ், கொஞ்சம் ஆளுங்க, பிரதமரையோ அதிபரையோ போய்ப் பாக்கற உரிமை, அவ்வளவுதான் அவரோட சொத்து. அந்தக் கடைசி உரிமை போச்சுன்னா மிச்சம் எல்லாம் லெட்டர் பேட்தான்.

ஆனா வெளியில பாக்கறவங்களுக்கு ஒரே வேலையா தெரியறதுக்குள்ள ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, அறிவியலுக்கு அரசு என்ன செய்யணும்ங்கறது: ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம், எந்தத் துறையை வளக்கணும், வெளிநாடு போன விஞ்ஞானியைத் திரும்ப எப்படிக் கூப்பிடறது, இப்படி. இன்னொண்ணு இதுக்கு நேர் தலைகீழ், அரசு எடுக்கப்போற முடிவுக்கு அறிவியல் என்ன சொல்லுதுன்னு சொல்றது: இந்த அணை தாங்குமா, இந்தப் பூச்சிமருந்தைத் தடை பண்ணலாமா, இந்தக் காய்ச்சல் பரவுமா. முதல் வேலைல அவரு விஞ்ஞானிங்களோட வக்கீல். ரெண்டாவது வேலைல அவரு யாரோட வக்கீலாவும் இருக்கவே கூடாது. காலைல போய் "எங்க ஆளுங்களுக்கு இன்னும் பணம் குடுங்க"ன்னு கேட்டுட்டு, மத்தியானம் அதே ரூம்ல உக்காந்து "நான் நடுநிலையா சொல்றேன்"னா எதிர்ல இருக்கற நிதி மந்திரி மனசுக்குள்ள சிரிப்பாரா மாட்டாரா? இந்த இழுபறி எல்லா நாட்டுலயும் இருக்கு, முழுசா தீத்தவங்க யாரும் இல்ல.

போஸ்ட் ரொம்பப் பழசும் இல்ல. 1957 அக்டோபர்ல சோவியத் யூனியன் உலகத்தோட முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை மேல அனுப்பினதும் அமெரிக்கா ஆடிப்போச்சு, அடுத்த மாசமே ஐசன்ஹோவர் ஜேம்ஸ் கில்லியனைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு. பிரிட்டன்ல 1964ல சாலி ஜுக்கர்மன், அவரு அடிப்படையில உடற்கூறு ஆளு, குரங்குகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவரு, உலகப்போர் நேரத்துல குண்டு விழுந்தா மனுஷ உடம்புக்கு என்ன ஆகும்னு கணக்குப் போடப் போய் அப்படியே அரசாங்கத்துக்குள்ள வந்தவரு. ஆஸ்திரேலியாவுல 1989, இந்தியாவுல 1999, நியூசிலாந்துல 2009. பெரும்பாலும் ஏதோ ஒரு பயத்துல பொறந்த போஸ்ட்டுங்க இது.

கேள்வி: சும்மா ஆலோசனை சொல்றவரால உருப்படியா என்ன நடந்திருக்கு? ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம். (ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி)

உங்க கேள்வில இருக்கற நக்கலை ரசிச்சேன் சார். ஒண்ணு கேட்டீங்க, ரெண்டு சொல்றேன்.

நியூசிலாந்துல ஒரு காலத்துல 'மெத்' பீதி. மெத்தாம்ஃபெட்டமின்னு ஒரு போதைப்பொருள். வீட்டுக்குள்ள யாராவது அதைப் புகைச்சா செவுத்துல அதோட படிவு ஒட்டும், அந்த வீட்டுல குடியிருந்தா உடம்புக்குக் கெடுதல்னு ஒரு பேச்சு கிளம்பிடுச்சு. உடனே செவுத்தைத் துடைச்சு டெஸ்ட் பண்ற கம்பெனி, சுத்தம் பண்ற கம்பெனின்னு ஒரு தொழிலே முளைச்சது. அரசு வீடுகள்ல குடியிருந்த ஏழைங்க நூத்துக்கணக்குல வெளிய அனுப்பப்பட்டாங்க, பல பேருக்கு சுத்தம் பண்ற செலவையும் தலைல கட்டினாங்க, அரசோட வீட்டுவசதி அமைப்பு மட்டும் டெஸ்ட்டுக்கும் ரிப்பேருக்கும் 10 கோடி நியூசிலாந்து டாலருக்கு மேல கொட்டிச்சு.

2018ல அந்தத் துறை மந்திரி, பிரதமரோட அறிவியல் ஆலோசகர் பீட்டர் க்ளக்மன்கிட்ட இதைக் கொஞ்சம் பாருங்கன்னு சொன்னாரு. க்ளக்மன் குழந்தை டாக்டர். அவரும் அவரு டீமும் உக்காந்து உலகம் முழுக்க இருக்கற மருத்துவ ஆதாரத்தைப் புரட்டிப் பாத்தா, யாரோ எப்பவோ புகைச்ச வீட்டுல பின்னாடி குடிவந்தவங்களுக்கு அந்தப் படிவால உடம்பு கெட்டதுக்கு ஆதாரமே இல்ல. அப்போ அந்த அளவுகோல் எங்கேருந்து வந்துச்சு? அங்கதான் கூத்து. 100 சதுர சென்டிமீட்டர்ல 1.5 மைக்ரோகிராம்னு வச்சிருந்தாங்களே, அந்த மாதிரி கறார் எல்லாம் மெத் *காய்ச்சின* இடத்தைச் சுத்தம் பண்றதுக்காக யோசிச்சது. காய்ச்சற எடத்துல கண்ட கெமிக்கலும் கிடக்கும், அது வேற கதை. அதை அப்படியே கொண்டுவந்து யாரோ புகைச்ச ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் மாட்டிட்டாங்க. 15க்குக் கீழ இருந்தா ஒண்ணும் பண்ணத் தேவையில்லைன்னு க்ளக்மன் ரிப்போர்ட் சொல்லுச்சு. வெளியேத்தினவங்ககிட்ட வீட்டுவசதி அமைப்பு மன்னிப்புக் கேட்டுது, நஷ்டஈடும் குடுத்தாங்க.

இதுல புதுக் கண்டுபிடிப்பு ஏதாவது இருக்கா பாருங்க. ஒண்ணுமே இல்ல. எல்லாம் ஏற்கனவே அச்சுல இருந்த ஆராய்ச்சிதான். "இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு?"ன்னு யாரும் கேக்காத கேள்வியை, மந்திரி காதுல விழற தூரத்துல உக்காந்து ஒருத்தர் கேட்டாரு, அவ்வளவுதான். எனக்கு என்னமோ இந்த உத்தியோகத்தோட பாதி மதிப்பு இந்த ஒரு கேள்வியிலதான் இருக்குன்னு தோணும்.

ரெண்டாவது, 2011 ஃபுகுஷிமா. மார்ச் 11 சுனாமி, அணு உலைக் கட்டடங்கள் வெடிக்குது, டோக்கியோவுல இருக்கற வெளிநாட்டுக்காரங்க ஏர்போர்ட்டுக்கு ஓடறாங்க. பிரான்ஸ் தன்னோட ஆளுங்களை டோக்கியோவை விட்டுக் கிளம்பச் சொல்லுது, ஜப்பான் அரசு உலையைச் சுத்தி 20 கிலோமீட்டரைக் காலி பண்ணச் சொல்லுது, அமெரிக்கா தன்னோட ஆளுங்களை 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கச் சொல்லுது. யாரை நம்பறது? மார்ச் 15ல பிரிட்டனோட அறிவியல் ஆலோசகர் ஜான் பெடிங்டன் லண்டன்ல உக்காந்து டோக்கியோ தூதரகத்துல கூடியிருந்தவங்களோட போன்ல பேசினாரு. "பயப்படாதீங்க"ன்னு அவரு ஆரம்பிக்கலை, அதைக் கவனிங்க. நியாயமா யோசிச்சா எவ்வளவு மோசமா போக முடியும்னு எடுத்துக்கிட்டாரு: உலை முழுசா உருகுது, வெடிக்குது, காத்தும் டோக்கியோ பக்கமே அடிக்குது, மழையும் பெய்யுது. இவ்வளவும் ஒண்ணா நடந்தாலும் டோக்கியோவுல இருக்கறவங்க ஊரைக் காலி பண்ணற அளவுக்கு ஆபத்து இல்லைன்னு காரணத்தோட சொன்னாரு. 1986ல சோவியத் யூனியன்ல அணு உலை வெடிச்ச செர்னோபில்ல தீ நாள்கணக்கா எரிஞ்சு கதிரியக்கத்தை ரொம்ப உயரத்துக்குத் தூக்கிட்டுப் போச்சு, இங்க அவ்வளவு உயரம் போக வழியில்லைன்னு ஒப்பிட்டும் காட்டினாரு. கேள்வி கேட்டவங்களுக்கும் அங்கேயே பதில் சொன்னாரு. அந்தப் பேச்சை எழுத்தா வெளியிட்டாங்க, பிரிட்டிஷ்காரங்க இல்லாதவங்களும் படிச்சுட்டு ஊர்லயே இருந்துட்டாங்க.

கேள்வி: விஞ்ஞானி சொன்னா அப்படியே செய்ய வேண்டியதுதானே? நடுவுல அரசியல்வாதிக்கு என்ன வேலை? (கல்லூரி மாணவி)

இந்தக் கேள்விதான் மெயில்ல அதிகம் வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா நான் இதுக்கு எதிர்க்கட்சி.

ஒரு தொற்றுநோய் வருதுன்னு வைங்க. ஸ்கூலை மூடினா பரவல் இவ்வளவு குறையலாம்னு விஞ்ஞானி சொல்லலாம். ஒரு வருஷம் மூடினா குழந்தைங்க படிப்புல இவ்வளவு பின்தங்கலாம்னு இன்னொரு துறை விஞ்ஞானி சொல்லலாம். ஆனா அந்தத் தாத்தாவோட உயிருக்கும் இந்தப் பொண்ணோட படிப்புக்கும் நடுவுல எதை எவ்வளவு விட்டுக் குடுக்கறதுங்கறதுக்கு எந்த லேப்லயும் விடை கிடையாது. அது மதிப்பீடு, அதைச் சொல்லத்தான் நாம ஓட்டுப் போட்டு ஒருத்தரை அனுப்பறோம், தப்பா சொன்னா அடுத்த தேர்தல்ல இறக்கறோம். ஆலோசகரை யாரும் ஓட்டுப் போட்டு இறக்க முடியாதே.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அது இன்னும் சுவாரசியம். முடிவெடுக்க வேண்டிய அரசியல்வாதி, விஞ்ஞானி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறது. கோவிட் நேரத்துல பிரிட்டன் மந்திரிங்க வாய்க்கு வாய் "நாங்க அறிவியல் சொல்றபடி நடக்கறோம்"னாங்க. டிவியில பிரதமருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விஞ்ஞானி நின்னாங்க, பாத்திருப்பீங்க. பின்னாடி விசாரணை கமிஷன் வந்தப்போ, அதுல ஒருத்தரான, அப்போ அறிவியல் ஆலோசகரா இருந்த பாட்ரிக் வாலன்ஸ் ராத்திரி ராத்திரி எழுதி வச்ச குறிப்புங்க வெளிய வந்துச்சு, மந்திரிங்க எங்களை மனிதக் கேடயமா பயன்படுத்தறாங்கன்னு புலம்பியிருக்காரு மனுஷன். இன்னொரு பக்கம், 2020 ஆகஸ்ட்ல ஹோட்டல்ல போய்ச் சாப்பிடுங்க, பில்லுல பாதியை அரசு குடுக்கும்னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்களே, அதைப் பத்தி இந்த விஞ்ஞானிங்களை முன்கூட்டியே கேக்கவே இல்லைன்னும் அதே விசாரணைலதான் தெரிஞ்சது. அறிவியல் சொல்றபடி நடக்கறோம்னு சொன்னவங்கதான், பிடிச்சபோது கேட்டாங்க, பிடிக்காதபோது கதவைச் சாத்திட்டாங்க.

கேள்வி: ஆலோசகர்கள் சொன்னது தப்பாப் போனதே இல்லையா? (பெயர் போடாதவர்)

போயிருக்கு, பலமாவே போயிருக்கு. ஆனா நான் சொல்லப்போற கதைல அது தப்பாப் போன விதம் கொஞ்சம் விசித்திரம்.

மேட் கவ் நோய் ஞாபகம் இருக்கா? 1980கள்ல பிரிட்டன்ல மாடுங்க தள்ளாடித் தள்ளாடி விழ ஆரம்பிச்சது. மூளை ஸ்பாஞ்ச் மாதிரி ஆயிடற நோய். இந்த மாட்டுக்கறியைச் சாப்பிடற மனுஷனுக்கு வருமான்னு பாக்க ரிச்சர்ட் சவுத்வுட்னு ஒரு விலங்கியல் பேராசிரியர் தலைமைல கமிட்டி போட்டாங்க. 1989 பிப்ரவரியில ரிப்போர்ட். அதோட முடிவுல ரெண்டு விஷயம் இருந்துச்சு. மனுஷனுக்கு வர்றதுக்கான வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு, இது முதல் வாக்கியம். ஆனா எங்க கணிப்பு தப்பா இருந்தா விளைவு ரொம்ப பயங்கரமா இருக்கும், இது அதை ஒட்டியே வந்த வாக்கியம்.

மந்திரிங்க முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. வருஷக்கணக்கா அதையே ஒரு உத்தரவாதப் பத்திரம் மாதிரி தூக்கிக் காட்டினாங்க. 1990ல விவசாய மந்திரி ஜான் கம்மர் கேமரா முன்னாடி தன்னோட சின்னப் பொண்ணு வாயில பீஃப் பர்கரை நீட்டினாரு, சுடுதுன்னு அந்தக் குழந்தை மூஞ்சியைத் திருப்பிச்சு, அப்பா தானே கடிச்சுக் காட்டினாரு. அந்தப் படம் இன்னிக்கும் சுத்திக்கிட்டிருக்கு. 1996 மார்ச்ல சுகாதார மந்திரி பார்லிமென்ட்ல எழுந்து, மனுஷங்களுக்கு வந்திருக்கற புது வகை மூளை நோய்க்கும் இதுக்கும் தொடர்பு இருக்கற மாதிரி தெரியுதுன்னு ஒத்துக்கிட்டாரு. பிரிட்டன்ல மட்டும் 170க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க, அதுல நிறைய பேர் சின்ன வயசு. 40 லட்சத்துக்கும் மேல மாடுங்களைக் கொன்னாங்க. எல்லாத்தையும் விட, "அரசு விஞ்ஞானி சொல்றாரு"ங்கற வார்த்தை மேல இருந்த நம்பிக்கை செத்துப்போச்சு, அது திரும்பி வர பல வருஷம் ஆச்சு.

கமிட்டி பொய் சொன்னதா? இல்ல. கணிப்பு தப்பு, ஆனா தப்பா இருக்கலாம்னு அவங்களே எழுதினாங்க. அந்த 'ஆனா' எங்க போச்சுங்கறதுதான் கேள்வி.

இதைப் படிக்கறப்போ எனக்குள்ள ஒரு முள் குத்தும். ரொம்ப வருஷம் முன்னாடி நான் ஒரு பத்திரிகைல சப்-எடிட்டர். ஒரு மருத்துவக் கட்டுரை வந்துச்சு, ஒரு மாத்திரையைப் பத்தி. கடைசி பாரால டாக்டர் எழுதியிருந்தாரு, "ஆனால் இந்த ஆய்வு முதியவர்களிடம் செய்யப்படவில்லை"ன்னு. பக்கத்துல ரெண்டு வரி இடிக்குது, கீழ விளம்பரம், நகத்த முடியாது, ராத்திரி பத்தரை மணி, பிரஸ்ல இருந்து போன் மேல போன். அந்த ரெண்டு வரியை எடுத்தேன். ஒண்ணும் ஆகலை, எந்தப் புகாரும் வரலை. ஆனா டாக்டர் மறுநாள் போன் பண்ணி கோவப்படாம ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "மத்த எல்லாத்தையும் விட்டுட்டு அதை எப்படிப்பா கரெக்டா எடுத்த?" எனக்குப் பதில் தெரியலை. உண்மையான பதில், 'ஆனா'ன்னு ஆரம்பிக்கற வாக்கியம் கடைசில இருக்கும், எடுத்தா மிச்சம் இடிக்காம நிக்கும், படிக்கறவனுக்கும் தெரியாது. பார்லிமென்ட்ல பதில் தயார் பண்ற அதிகாரியும் அதையேதான் பண்ணியிருப்பாரு, கெட்ட எண்ணமே இல்லாம.

இந்தியாவுல 2021 மே மாசம் இதோட இன்னொரு ரகம் நடந்துச்சு. முதன்மை அறிவியல் ஆலோசகர் விஜயராகவன், வைரஸ் இவ்வளவு பரவிக்கிடக்கறதால மூணாவது அலை தவிர்க்க முடியாதது, எப்போன்னு தெளிவில்லைன்னாரு. சேனல்ல எல்லாம் சிவப்பு எழுத்து ஓடுச்சு. ரெண்டே நாள்ல, கறாரா நடவடிக்கை எடுத்தா எல்லா எடத்துலயும் வராம இருக்கலாம், எங்கயுமே வராமலும் போகலாம்னு விளக்கினாரு. உடனே "மாத்தி மாத்திப் பேசறாரு"ன்னு கிண்டல். ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே மூச்சுல சொல்லியிருந்தா அது ஒரு முழு வாக்கியம். ரெண்டு நாள் இடைவெளில சொன்னதால பல்டி ஆயிடுச்சு.

மேட் கவ்வுக்கு அப்புறம் பிரிட்டன்ல அப்போ ஆலோசகரா இருந்த ராபர்ட் மே 1997ல துறைகளுக்கெல்லாம் ஒரு வழிகாட்டி போட்டாரு: பலதரப்பட்ட நிபுணர்களைக் கேளுங்க, எது நிச்சயமா தெரியும் எது தெரியாதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க, ஆலோசனையை வெளியிடுங்க. ரொம்ப சாதாரணமா தெரியுதுல்ல? இதை எழுதி வைக்கவே அத்தனை மாடு சாக வேண்டியிருந்துச்சு.

கேள்வி: இத்தாலியில பூகம்பத்தைக் கணிக்கலைன்னு விஞ்ஞானிகளை ஜெயில்ல போட்டாங்களாமே? (பொறியியல் மாணவர்)

பாதி சரி தம்பி. லாக்விலாங்கற ஊர்ல 2009 ஏப்ரல் 6ல பூகம்பம், 309 பேர் செத்தாங்க. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா குட்டிக் குட்டி அதிர்வு வந்துக்கிட்டே இருந்துச்சு, ஜனங்க பயத்துல இருந்தாங்க, ஒரு வாரம் முன்னாடி நிபுணர் குழு கூடிச்சு. கூட்டத்துக்கு வந்த பேரிடர் துறை அதிகாரி ஒருத்தர் டிவியில, சக்தி கொஞ்சம் கொஞ்சமா வெளிய போறது நல்லதுதான், நிம்மதியா ஒரு கிளாஸ் ஒயின் குடிங்கன்ற மாதிரி பேசிட்டாரு. அதிர்வு வந்தா வெளிய போய்ப் படுக்கற பழக்கம் உள்ள ஊர், அன்னிக்கு நிறைய பேர் உள்ளயே இருந்துட்டாங்க.

2012ல ஏழு பேருக்கு ஆறு வருஷம் சிறைத் தண்டனை. 2014ல அப்பீல்ல ஆறு விஞ்ஞானிங்களும் விடுதலை, அந்த அதிகாரிக்கு மட்டும் தண்டனை குறைஞ்சு நின்னுச்சு. அப்பீல் முடியற வரைக்கும் தண்டனை அமலுக்கு வராதுங்கறதால விஞ்ஞானிங்க யாரும் உள்ள போகலை. வழக்கும் 'ஏன் கணிக்கலை'ன்னு இல்ல, ஏன் தப்பான நிம்மதி குடுத்தீங்கன்னுதான். விஞ்ஞானி வாயில இருந்து மக்கள் காதுக்குப் போறதுக்குள்ள இடையில யார் கையில அந்தச் செய்தி மாட்டுதுங்கறது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க.

கேள்வி: கலாம் ஐயா இந்தப் பதவியில இருந்தாரா? (பல பேர்)

ஆமா. 1999ல இந்தியாவுல முதன்மை அறிவியல் ஆலோசகர்னு பதவி உருவானப்போ முதல் ஆளு அவருதான், 2001 வரைக்கும். அதுக்கு அடுத்து வந்தவரு அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரம், 2018 வரைக்கும் இருந்தாரு, பிரதமர்கள் மாறியும் அவரு மாறலை. அப்புறம் உயிரியலாளர் விஜயராகவன், 2022ல இருந்து இயற்பியலாளர் அஜய் சூட். ராணுவ மந்திரிக்குத் தனியா ஒரு அறிவியல் ஆலோசகர் 1948லயே வந்தாச்சு, டி.எஸ். கோத்தாரி.

கேள்வி: மந்திரிக்குப் பிடிக்காததைச் சொன்னா வேலை போயிடுமா? (அரசு ஊழியர்)

அரசு ஊழியரே, இதை நீங்க கேக்கறீங்க பாருங்க.

போகும். ஆள் மட்டும் இல்ல, நாற்காலியே போகும். 1970 வாக்குல நிக்சன் அரசு ஒலியை விட வேகமா போற பயணிகள் விமானம் கட்ட ஆசைப்பட்டுச்சு. ரிச்சர்ட் கார்வின்னு ஒரு இயற்பியலாளர், அரசுக்காக அதை ஆராய்ஞ்சு பாத்த குழுவுக்கே தலைவர், வேணாம்னு அறிக்கை குடுத்தாரு, அதை வெள்ளை மாளிகை வெளியிடலை. அவரு நேரா நாடாளுமன்றக் குழு முன்னாடி போய், ரகசிய அறிக்கைல இருந்து எதையும் சொல்லாம, வெளியில எல்லாருக்கும் தெரிஞ்ச தகவலை வச்சே இது உருப்படாதுன்னு சாட்சி சொன்னாரு. 1971ல நாடாளுமன்றம் பணத்தை நிறுத்திடுச்சு. ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துலயும் இதே மாதிரி உரசல் ஏற்கனவே இருந்துச்சு. 1973ல நிக்சன் ஆலோசனைக் குழு, ஆபீஸ் எல்லாத்தையும் கலைச்சுட்டாரு. 1976ல நாடாளுமன்றம் சட்டமே போட்டுத் திரும்பக் கொண்டுவந்துச்சு, அதிபர் நினைச்சா சுலபமா கலைக்க முடியாதபடி. ஆனா ஆள் போடாம காலியா வைக்கறதைச் சட்டம் தடுக்கலை, டிரம்ப்போட முதல் ஆட்சில ஏறக்குறைய ரெண்டு வருஷம் நாற்காலி சும்மாவே இருந்துச்சு.

கார்வின் செஞ்சது சரியா? எனக்கே ரெண்டு மனசு. நாட்டுக்கு நல்லது பண்ணினாரு, சந்தேகமில்ல. ஆனா உள்ள கூப்பிட்டு ஆலோசனை கேக்கறவன், இந்த ஆளு வெளிய போய் எனக்கு எதிரா பேசுவான்னு தெரிஞ்சா அடுத்த தடவை கூப்பிடுவானா? கூப்பிடாம விட்டா யாருக்கு நஷ்டம்? ரெண்டு பக்கமும் யோசிச்சா ராத்திரி தூக்கம் போயிடும்.

பிரிட்டன்ல போதைப்பொருள் ஆலோசனைக் குழுத் தலைவரா இருந்த டேவிட் நட், சில தடை செஞ்ச போதைப்பொருளை விட சாராயமும் சிகரெட்டும் அதிகக் கெடுதல்னு ஒரு உரைல சொன்னதுக்கு 2009ல உள்துறை மந்திரி வேலையை விட்டு அனுப்பினாரு, குழுவுல இருந்து மேலும் சில பேர் ராஜினாமா பண்ணிட்டு வெளிய வந்தாங்க. கனடாவுல 2004ல வந்த ஆலோசகர் பதவி 2008ல காணாமப் போச்சு, 2017ல வேற பேர்ல திரும்பி வந்துச்சு. ஐரோப்பிய கமிஷன்ல ஆன் க்ளோவர்னு ஒருத்தங்க, 2012ல முதல் தலைமை ஆலோசகர். மரபணு மாத்தின பயிர் விஷயத்துல அவங்க நிலைப்பாடு பிடிக்காம சில சுற்றுச்சூழல் அமைப்புங்களே "இந்தப் பதவியையே எடுங்க"ன்னு புதுத் தலைவருக்குக் கடிதம் எழுதினாங்க, 2014 கடைசில பதவியே இல்ல. பருவநிலை விஷயத்துல விஞ்ஞானியைக் கேளுங்கன்னு சொல்ற அதே அமைப்புங்கதான். நமக்குப் பிடிச்சதைச் சொன்னாத்தான் அது அறிவியல்ங்கற வியாதி மந்திரிக்கு மட்டும் இல்ல போல.

கேள்வி: ஆலோசனையை ரகசியமா குடுக்கணுமா, வெளிப்படையாவா? (வழக்கறிஞர்)

ஆதாரம் வெளிப்படையா இருக்கணும், மந்திரிகிட்ட ரூம்ல பேசற பேச்சு ரகசியமா இருக்கலாம், இது என் கட்சி. "இதுல எனக்கு ஒண்ணும் புரியலை, திரும்பச் சொல்லுங்க"ன்னு ஒரு மந்திரி கூச்சமில்லாம கேக்க ஒரு மூடின கதவு தேவைதான். ஆனா எந்த ஆய்வை வச்சு என்ன சொன்னாங்கங்கறது மக்கள் பார்வைக்கு வந்தே ஆகணும்.

பிரிட்டன்ல கோவிட் ஆரம்பத்துல அவசரகால அறிவியல் குழுவுல யார் யார் இருக்காங்கன்னே சொல்லலை. பாதுகாப்புக் காரணம்னாங்க. முன்னாடி ஆலோசகரா இருந்த டேவிட் கிங் கடுப்பாகி 2020 மே மாசம் தனியா ஒரு குழுவைக் கூட்டி யூட்யூப்ல லைவ்வா மீட்டிங் போட்டாரு. அதே நாள் அரசும் பேர்ப் பட்டியலை வெளியிட்டுது, மாசக் கடைசில மினிட்ஸும் வெளிய வந்துச்சு. படிச்சுப் பாத்தா ஒளிச்சு வைக்க வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல, நிறைய 'உறுதியாகச் சொல்ல இயலாது'தான் இருந்துச்சு. அதை மறைக்கப் போய்த்தான் சந்தேகம் வந்துச்சு.

கேள்வி: இப்போ ஏஐ இருக்கு, கூகுள் இருக்கு, இனிமே ஆலோசகர் எதுக்கு? (ஐடி துறை நண்பர்)

தகவல் இல்லாம எந்த மந்திரியும் திண்டாடலை நண்பா, தகவல் கூடிப்போய்த்தான் திண்டாட்டம். மேஜை மேல எதிரும் புதிருமா பத்து ரிப்போர்ட், பாதி ரிப்போர்ட்டுக்குப் பணம் குடுத்தது யாருன்னு தெரியாது. எதுக்கு எவ்வளவு கனம்னு எடை போட்டு, தன் பேரைப் போட்டு, நாளைக்கு விசாரணை கமிஷன்ல வந்து நின்னு "நான்தான் அப்படிச் சொன்னேன்"னு சொல்ல ஒரு ஆள் வேணும். சாஃப்ட்வேர் அந்தக் கூண்டுல ஏறாது.

கேள்வி: இந்த வேலைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்? என் பொண்ணு பிளஸ் டூ. (ஒரு அம்மா)

இதுக்குன்னு கோர்ஸ் எடுத்துத்தான் போகணும்னு இல்லீங்கம்மா. க்ளக்மன் குழந்தை டாக்டர், பெடிங்டன் கடல்ல மீன் எவ்வளவு இருக்கு எவ்வளவு பிடிக்கலாம்னு கணக்குப் போட்டவரு, ராபர்ட் மே இயற்பியல்ல ஆரம்பிச்சு சூழலியலுக்குத் தாவினவரு, 2023ல பிரிட்டன்ல இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் ஏஞ்செலா மெக்லீன் கணிதத்தை வச்சு நோய் பரவறதை ஆராய்ஞ்சவங்க. கலாம் விமானப் பொறியாளர். முதல்ல சொன்னேனே ஜேம்ஸ் கில்லியன், அவரு ஆராய்ச்சி விஞ்ஞானியே இல்ல, எம்.ஐ.டி.யோட தலைவர், நிர்வாகம் படிச்சவரு. எந்த விஷயத்துக்கு எந்த விஞ்ஞானியைக் கேக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

பொண்ணுக்குப் பிடிச்ச அறிவியல்ல ஏதாவது ஒண்ணை ஆழமா படிக்கட்டும். அதோட, தனக்குத் தெரியாததைக் கேட்டா முழிக்காம "தெரியலை, ஆனா யாரைக் கேக்கணும்னு தெரியும்"னு சொல்ற பழக்கம் வந்துச்சுன்னா பாதி தகுதி வந்த மாதிரி. பிளஸ் டூ பரீட்சைல அதை எழுதிட வேணாம்னு மட்டும் சொல்லி வைங்க, மார்க் போட மாட்டாங்க.